நன்றிப் பட்டியல்

"அந்தப் பாழாப்போன வீடியோவை இன்னும் எத்தனை நாள் போட்டுண்டிருப்பே?" கோயிலுக்குக் கிளம்பிய அர்ச்சகர் அனந்தபத்மநாபன் மகளைக் கேட்டார்.

"முடிஞ்சுதுப்பா," என்றாள் மைத்ரேயி. "இதை ஓட்டினா பிரவுசர், வேண்டாம்னு விட்ட மெமரியையே திரும்பப் போய்த் தொடறது. அந்த ஓட்டை வழியா திருடன் கம்ப்யூட்டருக்குள்ளேயே வந்துடலாம். பிரவுசர் கம்பெனிக்காரா ஒத்துண்டுட்டா. கண்டுபிடிச்சவா பேரைப் போட்டு நன்றி சொல்லுவாளாம். என்ன பேர்னு கேட்டிருக்கா."

"உன் பேரைக் கொடு. எட்டு மாசமா மெனக்கெட்டது நீதானே?"

"இந்த ஓட்டையை முதல்ல பார்த்தது அண்ணாதான்ப்பா. கும்மிடிப்பூண்டி ஃபேக்டரில கேமரா வீடியோ பாக்கறச்சே."

"பாதியில விட்டுட்டுப் போனவனுக்கு நன்றி என்ன வேண்டியிருக்கு?" அவர் குரல் கடுமையானது.

மைத்ரேயி 'ஸ்ரீவிஷ்ணு, திருவள்ளூர்' என்று அண்ணன் பெயரைத் தட்டினாள்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்து திரையைக் குனிந்து பார்த்தார்.

"பேருக்கு முன்னாடி 'மறைந்த'னு போடுவாளா?"

"நாம சொன்னா போடுவா. சொல்லட்டுமாப்பா?"

"வேண்டாம். தினமும் ஊர்ல இருக்கறவா பேரெல்லாம் சொல்லி அர்ச்சனை பண்றேன். போயிட்டவன்கறதால அவன் பேரை மட்டும் சொல்ல முடியல. இதுலயாவது இருக்கறவாளோட இருக்கட்டும்."