வாசலோடு திரும்பிய நாத்தனார்

எஃபுவாவின் மகன் எபோவின் உடம்பெல்லாம் சிவந்து தடித்ததும் கேப் கோஸ்ட் ஊரில் அந்தத் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. அவள் நாத்தனார் அராபா மட்டும் மீன் சூப்போடு வாசலில் வந்து நின்றாள்.

"தட்டம்மைதானே அண்ணி? எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிடுச்சு. புள்ளைய எங்கிட்டக் குடுங்க."

"தட்டம்மை இல்லியாம்டி, ரூபெல்லாவாம். ரொம்ப லேசானது, தானா வடிஞ்சிடும்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க" என்று சிரித்தாள் எஃபுவா.

சட்டியைப் படியிலேயே வைத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடையைக் கட்டினாள் அராபா.

"பெரிய நோய்க்குப் பயப்படாதவ சின்ன நோய்க்கு ஓடுறாளே!" என்று கணவனிடம் பொரிந்தாள் எஃபுவா. "பத்து வருஷமா வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல. புள்ளையோட அருமை உங்க தங்கச்சிக்கு எங்க தெரியும்?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நர்ஸம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "மாசமா இருக்கிறவங்களை மட்டும் கிட்ட விட்டுடாதீங்க. வயித்துல இருக்கிறதுக்கு ஆகாது."

வயிறு தானாகத் தெரியும்வரை அந்த ஊரில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கண் பட்டுவிடும்.

மறுநாள் இன்னொரு சூப்புச் சட்டியோடு தெருமுனையில் தயங்கி நின்றாள் அராபா. எஃபுவா ஜன்னல் வழியே கத்தினாள்:

"இந்தப் பக்கம் தலையக் காட்டின, காலை ஒடிச்சிடுவேன்! போடி வீட்டுக்கு! இனிமே கனமான சட்டியெல்லாம் தூக்காதே!"