குளிர் போகும் வரை

"ஊட்டி ஊட்டியே பூனையைக் கொன்னுட்டீங்க. இப்ப அழுது என்ன பிரயோஜனம்?"

உள்ளேயிருந்து டாக்டரின் குரல். காலிக் கூடையோடு ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நாக்கா, தேள் கொடுக்கா என்று நினைத்தபடி அப்பா எழுந்தார். கையில் அட்டைப்பெட்டி. உள்ளே, வாங்கி ஒரு மாதமே ஆன ஆமை. நாலைந்து நாளாகத் தலையை இழுத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. மகள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மேசை அவள் மூக்குவரை இருந்தது. டாக்டர் ஆமையின் காலைத் தொட்டார். தலையை மெல்ல வெளியே இழுத்துப் பார்த்தார். பெட்டியில் திரும்ப வைத்தார்.

"இதுவும் செத்துப்போச்சா, டாக்டர்?" என்றார் அப்பா.

"தூங்குது. குளிர் வந்தா இந்த ஆமை இப்படித்தான். தின்னாது, அசையாது, மூச்சு விடறதுகூடத் தெரியாது. வெயில் வந்ததும் தானா எழுந்துக்கும். இதுகூடத் தெரியாம வாங்கினா எப்படி, சார்?"

திட்டுகூட அப்பாவுக்கு இனித்தது. "உனக்கேத்த கும்பகர்ணன்தான் போ!" என்றார் மகளிடம்.

அவள் சிரிக்கவில்லை.

"பழைய ஆமையும் போன குளிர்ல இப்படித்தானே கிடந்துச்சு, அப்பா?"

அன்று அது செத்துவிட்டது என்று சொன்னவர் அப்பா. தோட்டத்தில் குழி தோண்டியவரும் அவர்தான்.

"நான்தான் மண்ணு போட்டேன், டாக்டர்." அவள் உதடு துடித்தது.

டாக்டர் அவளைப் பார்த்தார். கொட்டப் போகிறார் என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார்.

"அதோட கண்ணு திறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?"

"மூடியிருந்துச்சு."

"அப்ப செத்துதான் போயிருக்கு. தூங்கற ஆமை கண்ணைத் திறந்துகிட்டேதான் தூங்கும்."

"நிஜமாவா?"

"பொய் சொல்லி எனக்கென்ன ஆகணும்? வெளியில போய்க் கேளு. ஆறுதல் சொல்ற ஆளா நான்?"

மகள் நீளமாய் மூச்சு விட்டாள். பிறகு நுனிக்காலில் எம்பி, பெட்டிக்குள் பார்க்கப் போனாள். டாக்டர் சட்டென்று மூடியைச் சாத்தினார்.

"வெளிச்சம் பட்டா முழிச்சுக்கும். குளிர் போற வரைக்கும் நீ திறக்கக் கூடாது. அப்பா மட்டும் பார்த்துக்கட்டும்."

சொல்லும்போது அவர் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

மூடி விழுவதற்கு முன்பே அப்பா பார்த்துவிட்டிருந்தார். உள்ளே ஆமை, இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு தூங்கியது.