பத்து கிலோ

என் இடது காலுக்குக் கீழே இருந்த எடை மிஷினில் முள் பதினெட்டில் நின்றது. போன வாரமும் அதே பதினெட்டுதான்.

லாரிப் பலகையிலிருந்து அரிசி மூட்டையோடு விழுந்து, தொடையில் பிளேட் வைத்து நாலு மாதமாகிறது. அந்தக் கால் இருபத்தைந்து கிலோ தாங்கட்டும், பிறகு வேலையைப் பற்றிப் பேசலாம் என்றிருந்தார் டாக்டர்.

தாங்கவில்லை. செத்த கால் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

பயிற்சி கொடுக்கும் சரிதாம்மா இன்றைக்கு இன்னொரு மிஷின் கொண்டுவந்து வலது காலுக்கும் வைத்தார்கள். நீங்கள் அழுத்துகிற அளவுக்குத் தரையும் உங்களை மேலே தள்ளித் தாங்குகிறது, முள் காட்டுவது அதைத்தான் என்றார்கள். ரெண்டையும் கூட்டினால் என் முழுக் கனம் ஐம்பத்தெட்டு வரவேண்டுமாம். சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார்கள்.

முப்பது வயதுக்கு மேல் அறிவொளி வகுப்பில் படித்த கணக்கு. மெதுவாகத்தான் வரும்.

வலதில் முப்பது. இடதில் பதினெட்டு. நாற்பத்தெட்டு.

மறுபடி கூட்டினேன். நாற்பத்தெட்டுதான்.

மிச்சத்தை எந்தத் தரை தாங்குகிறது?

அப்போதுதான் என் இடது அக்குளில் இருந்த கை உறைத்தது. நான் விழாமலிருக்க என் வீட்டுக்காரி அஞ்சலாட்சி கொடுத்திருந்த கை. சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று சரிதாம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்கள். கலவைச் சட்டி தூக்கிப் பழகிய சித்தாள் கை அது. என்னைத் தூக்கிக்கொண்டிருந்தது.

பயப்படுகிறாள் என்று நினைத்தேன். கையை எடு, நின்றுகொள்கிறேன் என்றேன்.

அவள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்தா நீ நாளைக்கே மூட்ட தூக்கப் போயிடுவ."

அரியாங்குப்பத்தில் அவள் அண்ணன் பார்த்து வைத்த வாட்ச்மேன் வேலையை, உட்கார்ந்து தின்கிற வேலை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே தள்ளிவிட்டவன் நான்.

"போவல. ஒங்க அண்ணன் சொன்ன வேலைக்கே போறேன்."

நம்பினாளோ என்னவோ. கை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. முள் நகர்ந்து நகர்ந்து இருபத்தெட்டில் போய் நின்றது. கால் வலித்தது. மடங்கவில்லை.

சரிதாம்மா வந்து குனிந்து பார்த்தார்கள். ஒரே நாளில் எப்படி என்று என்னைக் கேட்டார்கள்.

அஞ்சலாட்சி, என்னைத் தாங்கியிருந்த வலது கையை இடது கையால் நீவிக்கொண்டு, சன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.