மறைத்து நின்ற மரம்

"முதல்ல அந்த மரத்த வெட்டித் தள்ளுங்க" என்றார் ஹிராட்சுகா. திரையில் தெரிந்த படத்தை அவர் முழுதாகப் பார்க்கக்கூட இல்லை. தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார்.

மோரியோகா நகரின் சமூகக் கூடத்தில் மாதம் ஒருமுறை அவர் புகைப்பட வகுப்பு நடத்திவந்தார். கொண்டுவரும் படங்களைக் கிழித்துத் தோரணம் கட்டுவதுதான் பாடம். தலை நரைத்தவர்கள்கூட அவரை 'சென்செய்', அதாவது ஆசானே, என்று கூப்பிட்டுவிட்டு உடனே தலையைக் குனிந்துகொள்வார்கள்.

இன்றைக்கு மாட்டியவள் புதிதாகச் சேர்ந்த தொகாஷி. நாற்பதைத் தாண்டியவள், வெயிலில் காய்ந்த முகம். அவள் போட்டுக் காட்டியது இலையுதிர் காலத்துச் சசானுமா ஏரி. எதிர்க்கரை முழுக்க மேப்பிள் மரங்கள் சிவந்து கிடந்தன. முன்னால் கரைப் பாறையை ஒட்டி ஒரு பெரிய மரம் பாதி ஏரியை மறைத்துக்கொண்டு நின்றது.

ஹிராட்சுகாவுக்கு அந்த மரத்தை என்றுமே பிடித்ததில்லை.

"அது கட்சுரா மரம், சென்செய். இருநூறு வயசு. இலை உதிர்ற சமயத்துல கிட்ட போனா சர்க்கரைப் பாகு வாசன வரும்."

"படத்துல வருதா?" அவர் மூக்கைத் திரைப் பக்கம் நீட்டி முகர்ந்து காட்டினார். வகுப்பு கடமைக்குச் சிரித்தது. "எப்ப எடுத்தது இது?"

"அஞ்சு வருஷத்துக்கு முந்தி எடுத்தது."

"அஞ்சு வருஷமா அடைகாத்தும் குஞ்சு பொரிக்கலையே."

தொகாஷி மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஏரி சாஞ்சு கிடக்கு. தண்ணி வழிஞ்சு என் மடியில கொட்டப்போகுது." அவள் நிமிர்த்தினாள். "செவப்பக் கொறைங்க. இதென்ன மலையா, மீன் கடை விளம்பரமா?" குறைத்தாள். "மேல எதுக்கு இவ்வளவு வானம்? காயப்போட்ட போர்வ மாதிரி. கத்தரிங்க." கத்தரித்தாள்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் படம் மெல்ல மெல்ல உயிர்பெற்றது. அதுதான் மற்றவர்களுக்கு எரிச்சல். நாக்கு விஷம், கண் மட்டும் தப்பாது.

கடைசியாக மரத்தின் மேல் அவள் மவுஸை வைத்துத் தேய்த்தாள். மரம் போயிற்று. அது நின்ற இடத்தில் கணினி தன் இஷ்டத்துக்கு மலையும் தண்ணீரும் ஒட்டி வைத்தது. ஒரே கிளை மூன்று இடத்தில் முளைத்திருந்தது.

"பாருங்க லட்சணத்த" என்றார் ஹிராட்சுகா. "மரத்துக்குப் பின்னால என்ன இருந்துச்சுன்னு கேமராவுக்கே தெரியாது. இந்தப் பெட்டிக்கு எப்படிம்மா தெரியும்? இதுக்குப் பேரு படம் இல்ல. பித்தலாட்டம்."

தொகாஷி சுவரைப் பார்த்தாள். தேசியப் பரிசு பெற்ற தன் படத்தை ஒவ்வொரு வகுப்புக்கும் வீட்டிலிருந்து சுமந்து வந்து அங்கே மாட்டுவது அவர் வழக்கம். அதே ஏரி, அதே பாறை. கரையிலிருந்து கரைவரை தடையில்லாத சிவப்பு.

"நீங்க ரொம்பச் சுத்தமா அழிச்சிருக்கீங்க, சென்செய். ஒட்டுப் போட்டதே தெரியல. அந்தக் கை வேலையக் கத்துக்கலாம்னுதான் வந்தேன்."

யாரோ இருமினார்கள். ஹிராட்சுகாவின் காது மடல் சிவந்தது. எதையும் அழிக்கக் கூடாது என்பது அந்தப் போட்டியின் முதல் விதி. கணினியில் கை வைத்தார்கள் என்று எத்தனையோ பேரை நடுவராக இருந்து அவரே வெளியே தள்ளியிருக்கிறார்.

"நானா? ஒட்டா? அதுல ஒரு புள்ளியக்கூட நான் தொட்டதில்ல."

"எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க." அவள் குரல் ஏறவேயில்லை. "அதே எடத்துலேர்ந்து எடுத்த படம்தானே? மரம் என்ன, எழுந்து நடந்தா போச்சு?"

பின்வரிசையில் இருந்த கூதோ கிழவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். இத்தனை வருடத்தில் இந்த அறையில் யாரும் ஹிராட்சுகாவைப் பார்த்துச் சிரித்ததில்லை.

அவர் கோப்பையை ஓசைப்பட வைத்தார்.

"அழிக்கிறதுன்னா உங்களுக்கெல்லாம் உக்காந்த எடத்துல மவுசத் தேய்க்கிறது. சோம்பேறிக் கூட்டம். நான் இருட்டுல ரம்பத்தத் தூக்கிட்டு மலையேறினவன். ஆள் வச்சு அறுத்துச் சாய்ச்சு, துண்டு துண்டா இழுத்துப் போட்டு, பனி விலகற வரைக்கும் வெறச்சுக்கிட்டு நின்னு எடுத்த படம் அது. என் கேமரா முன்னால என்ன இருந்துச்சோ அதத்தான் எடுத்தேன். பொய்ங்கிறது அதுல ஒரு இழை கெடையாது."

ஒருவரும் அசையவில்லை. கூதோவின் சிரிப்பு வாயிலேயே உறைந்துபோயிருந்தது. அந்த நிசப்தத்தை மரியாதை என்று எடுத்துக்கொண்ட ஹிராட்சுகாவுக்கு மனம் நிறைந்தது.

"ஒரு கெழட்டு மரம். அதனால யாருக்கு என்ன கொறஞ்சு போச்சு?" கோப்பையை மறுபடி எடுத்துக்கொண்டு தொகாஷியின் பக்கம் திரும்பினார். "உங்க படம் எந்த ஜென்மத்துலயும் தேறாதும்மா. தூக்கிப் போட்டுட்டு வேற கொண்டுவாங்க."

தொகாஷி மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்தாள்.

"இது என் படம் இல்ல, சென்செய். வனத்துறையோடது. நானும்தான்."