முதல் வருகைத் தேதி

லெவென்ட் செஸரின் பிறந்த நாள், பாஸ்போர்ட் எண், வீட்டு முகவரி எல்லாம் என் மேஜைமேல் இருந்தன.

முகவரியைத்தான் மூன்று தரம் படித்தேன். அனாபொலிஸில் என் பழைய வீடு. அதன் வாசல் கதவுக்கு நீலப் பெயின்ட் அடித்தது நான்.

இப்போது அங்கே கோலீனோடு இவன் இருக்கிறான். கோலீன் என் மனைவியாக இருந்தவள்.

இவனுடைய துருக்கிக் கம்பெனி, எங்கள் கடற்படைக்குக் கேமரா செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றை வாங்கப் பார்க்கிறது. வெளிநாட்டார் வாங்குவதால் நாட்டுக்கு ஆபத்து உண்டா என்று குறிப்பு எழுதுவது வாஷிங்டனில் என் வேலை. அனுமதி கிடைத்தால் இவன் இங்கேயே தங்கிவிடுவான். கிடைக்காவிட்டால் துருக்கியில் இஸ்மிருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

'இதில் வரும் யாரையாவது தெரியுமா?' என்று காலையில் கொடுத்த படிவத்தில், 'இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

"என்னப்பா வாரன், அந்தப் பக்கத்தை ஃப்ரேம் போட்டு மாட்டப் போறியா?" என்றான் எதிர் மேஜை டார்னெல்.

"ஆள் சரியில்லைன்னு தோணுது."

"உனக்கு எவன்தான் சரியா இருந்திருக்கான்?"

ஒரே ஒரு பொய் கிடைத்தால் போதும். ஒவ்வொரு வரியாக அரசுப் பதிவுகளோடு ஒப்பிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நவம்பர் மாலை. மழையில் கோலீனை இறக்கிவிட்டுப் போன காரில் ஒரு நரைத்த தலையைப் பார்த்தேன். ஆபீஸ் தோழியின் அப்பா என்றாள். நான் நம்பவில்லை. ஜனவரியில் பெட்டியோடு கிளம்பிவிட்டேன்.

போன வருடம் அவள் பக்கத்தில் இவனுடைய நரைத்த தலையைக் கண்டபோது, அன்று காரில் இருந்தது இவன்தான் என்று ஜெயித்துவிட்ட மாதிரிகூட இருந்தது.

கடைசி வரிக்கு வந்தேன். அமெரிக்காவுக்கு முதல் வருகை.

நான் வீட்டை விட்டுப் போய்ப் பதினான்கு மாதம் கழித்து ஒரு தேதி.

குடியேற்றத் துறையின் பதிவில் தேடினேன். அதே தேதி. அதற்கு முன் அவன் இந்த நாட்டில் கால் வைத்ததே இல்லை.

ஊரார் சொல்வதையெல்லாம் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. அவள் சொன்ன ஒன்றை மட்டும் நான் சரிபார்க்கவே இல்லை.

காலைப் படிவத்தைத் திரும்ப வாங்கி, 'இல்லை'யை அடித்து 'ஆமாம்' என்று எழுதினேன். கோப்பை டார்னெலின் மேஜையில் வைத்தேன். இனி அதைப் பார்க்க வேண்டியது அவன்.

ஃபோனை உள்ளே கொண்டுபோக எங்களுக்கு அனுமதியில்லை. நடைவழிப் பெட்டியைத் திறந்து எடுத்தேன்.

'கோலீன், அந்த நவம்பர்ல நீ சொன்னது உண்மைதான். என்னை மன்னிச்சிடு.'

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது.

'இத்தனை நாள் கழிச்சு எப்படித் தெரிஞ்சுது?'

நிமிர்ந்தேன். உள்ளே படித்ததை வெளியே சொல்வது குற்றம் என்று கதவில் எழுதியிருந்தது.

'சும்மா, தோணுச்சு' என்று அனுப்பினேன்.