மெத்தைக்கு அடியில் ஒரு கத்தி

“கத்தியைக் காணோம்டி!”

என் வீட்டுக்காரர் மெத்தையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னார். முகம் பேயறைஞ்ச மாதிரி இருந்தது. காலைச் சாப்பாடு முடிச்சு இப்பத்தான் கப்பல் ரூமுக்குள்ள வந்திருந்தோம்.

“நல்லாத் தேடுங்க. அந்தப் பக்கம் தள்ளிப் போயிருக்கும்.”

“எல்லாப் பக்கமும் பார்த்தாச்சு.”

நானும் தலையணையையெல்லாம் உதறிப் பார்த்தேன்.

அது வெறும் கத்தி இல்லை. கத்தி, குறடு, திருப்புளி எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணா மடங்கி உட்கார்ந்திருக்கும். இவர் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருஷமா அது இடுப்பு பெல்ட்டுலயே தொங்குது. எங்க கல்யாண போட்டோவுலகூட சட்டைக்குக் கீழே புடைச்சுக்கிட்டுத் தெரியும்.

‘கப்பல்ல கத்தி கூடாதாம். ஏறும்போது கொடுத்துட்டா இறங்கும்போது திருப்பித் தருவாங்களாம்’னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாரா மனுஷன்? கத்தி எதுவும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டு, சார்ஜர், டிரிம்மர், ஒயரோட ஒயரா ஒரு பையில சுருட்டிக் கொண்டு வந்து மெத்தைக்கு அடியில ஒளிச்சு வச்சுட்டார்.

மாட்டினா அடுத்த துறைமுகத்துல பெட்டியோட இறக்கி விட்டுடுவாங்க. கல்யாணமாகி பன்னண்டு வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் கிளம்பின முதல் பயணம். மூணாவது நாளே முன்னப் பின்ன தெரியாத ஊர்ல நடுத்தெருவுல நிக்கணும்.

“ரூம் பாய்தான் எடுத்திருக்கணும்”னார்.

ரூம் பாய்னு பேருதான், தலையில பாதி நரை. தினம் ரூமைக் கூட்டி மெத்தை விரிப்பு மாத்துறவர், நம்ம பாஷை பேசுறவர். எங்களை அண்ணே, அக்கான்னுதான் கூப்பிடுவார்.

“அவர் எடுத்து என்ன பண்ணப் போறார்?”

“அதானே தெரியலை. ரூம் சாவியும் அவன்கிட்ட இருக்கு. இப்போ கத்தியும் அவன்கிட்ட இருக்கு.”

எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச தைரியமும் போச்சு.

அப்போ பார்த்துக் கதவு தட்டுற சத்தம். ரெண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சு.

ரூம் பாய்தான். உள்ளே வரலை. நடையில இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு பார்வை பார்த்தார்.

“அண்ணே, உங்ககிட்ட தனியா ஒரு வார்த்தை பேசணும்.”

“அதெல்லாம் அப்புறம்!” படார்னு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார் இவர்.

“பார்த்தியா? தனியாப் பேசணுமாம்! மிரட்டி ஏதாவது பிடுங்கப் பார்க்கிறான்.”

“கொடுக்கலைன்னா மேல போய்ச் சொல்லிடுவாரோ?”

“அவன் போறதுக்கு முன்னாடி நாம போயிடணும். அவன் கையில கத்தியைப் பார்த்தேன்னு நீ சொல்லு.”

“நானா? ஐயோ, பொய்யா சொல்லச் சொல்றீங்க?”

“பொம்பளை சொன்னா நம்புவாங்க. கத்தி அவன்கிட்ட இருக்குறது நிஜம்தானே?”

பயம் வந்துட்டா எனக்குப் புத்தி வேலை செய்யாது. கிளம்பிட்டேன்.

கப்பலோட பாதுகாப்பு ஆபீஸ் கீழ்த்தளத்துல இருந்தது. கண்ணாடி போட்ட ஒரு அம்மாதான் அங்கே அதிகாரி. இவர் எனக்குப் பின்னாடி நின்னுக்கிட்டார். ரூம் நம்பரைச் சொன்னேன்.

“எங்க ரூம் பாய் கையில கத்தி இருந்துச்சு மேடம். நேத்துப் பார்த்தேன். பயமா இருக்கு.”

நான் சொன்னதுல பயம் மட்டும்தான் உண்மை.

அந்த அம்மா மேஜை டிராயரைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வச்சாங்க. “இதுவா பாருங்க.”

“இது... இதேதான்.” உள்ளே இருந்தது எங்க கத்தி.

“காலையில உங்க வரிசை ரூமெல்லாம் மெத்தையைப் புரட்டிச் சோதனை போட்டோம். ஆரம்பிக்கிறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி அவரே ஓடி வந்து இதைக் கொடுத்தார். ‘என்னோடதுதான், தெரியாம சாமானோட வந்துடுச்சு’ன்னார்.”

எங்க மெத்தைக்கு அடியில இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் பாட்டுக்குத் தப்பிச்சிருப்பார். சொல்லலை. இதைத் தெரியப்படுத்தத்தான் பாவம் அந்த மனுஷன் கதவைத் தட்டியிருக்கார். எனக்கு வெட்கத்துல உடம்பே கூசுச்சு.

“தானா வந்து கொடுத்ததால எச்சரிக்கையோட விட்டோம்”னாங்க அதிகாரி. “ஆனா ஒரு பயணி பார்த்துப் பயந்துட்டாங்கன்னா அது வேற விஷயம். இன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கிடுவோம். இந்த ஃபாரத்தை நிரப்பிக் கையெழுத்து போடுங்க.”

பேனாவை வாங்கினேன். எழுத மனசு வராம காகிதத்துல கோடுதான் விழுந்தது.

இவர் சட்டுன்னு முன்னாடி வந்து ஃபாரத்தையும் பேனாவையும் பிடுங்கிக்கிட்டார்.

“வேண்டாங்க”ன்னேன். அவர் கேட்கலை.

குனிஞ்ச தலை நிமிராம விறுவிறுன்னு எழுதினார். மூணு நாளா நான் பட்டதெல்லாம் ஒரு பயமா? பன்னண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் இப்போ என்ன எழுதறாரோங்கிற அந்தப் பயம்தான் பயம்.

அதிகாரி ஃபாரத்தை வாங்கிப் பார்த்தாங்க. இவரையும் பார்த்தாங்க.

“கத்தி வச்சிருந்தவர் பேரைக் கேட்ட இடத்துல, தப்பா உங்க பேரை எழுதியிருக்கீங்களே சார்?”

“சரியாத்தான் எழுதியிருக்கேன் மேடம்”னவர், என் பக்கம் திரும்பினார். “நீ போய்ப் பெட்டியைக் கட்டு.”