தரை காயும் வரை

"வார்னிஷ் அடிச்சா பளபளன்னு இருக்கும், ஆனா கீறல் விழுந்தா அசிங்கமா தெரியும். எண்ணெய்ப் பூச்சுல கீறல் தெரியாது, ஆனா வருஷா வருஷம் பூசணும். எதைச் சொல்லட்டும் அண்ணி?"

நாத்தனார் இதைக் கேட்பது இருபதாவது தடவையோ, இருபத்தைந்தாவதோ. அண்ணிக்கு எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது.

வீட்டில் தேய்ந்துபோன மரத்தரையை இழைத்துப் பாலிஷ் போடுகிறார்கள், நெடி ஒத்துக்கொள்ளவில்லை, நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்தவள். நாலு நாள் ஐந்து வாரமாகிவிட்டது. அண்ணியின் தையல் அறையில் இப்போது நாத்தனாரின் கட்டில். தையல் மெஷின் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, போகும்போதும் வரும்போதும் முழங்காலைப் பதம் பார்த்தது.

அண்ணியும் சும்மா இருக்கவில்லை. முதல் வாரமே வார்னிஷ்தான் என்று தீர்த்துச் சொன்னாள். நாத்தனாரும் தலையாட்டினாள். சாயங்காலம் அண்ணியின் கணவர் வந்து, வார்னிஷ் வழுக்குமே என்று தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார். சரி, எண்ணெய் என்றாள். அது அழுக்கு பிடிக்குமாம். நேற்று அவரே பாலிஷ்காரரிடம் போய் இன்னொரு சாம்பிள் பலகை வாங்கி வந்தார். இதோடு ஐந்து.

"இது மெழுகு. இதையும் ஒரு பார்வை பார்த்துடலாமே."

அண்ணனும் தங்கையும் பலகைகளை ஜன்னலோரம் சாய்த்து வைத்துத் தள்ளி நின்று பார்த்தார்கள், கிட்டே வந்து பார்த்தார்கள். எது வார்னிஷ், எது மெழுகு என்று அண்ணிக்கே குழம்பிப்போனது. கல்யாணத்துக்குப் பத்தே நிமிஷத்தில் சரி சொன்ன மனுஷனுக்கு ஒரு தரைக்கு ஐந்து வாரமா?

மறுநாள் நாத்தனார் குளிக்கப் போன நேரம் பார்த்து அண்ணி, பலகையின் முதுகில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டாள்.

"அந்த மரத்தரை வீட்டம்மாவோட அண்ணி பேசறேன். இனிமே யாரையும் கேக்க வேண்டாம். எண்ணெயே பூசி வேலையை முடிச்சிடுங்க. பொறுப்பு என்னுது."

பாலிஷ்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த வேலை முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சும்மா. அவங்க வீட்டுக்காரரே வார்னிஷ்னு சொல்லிட்டாரு. அம்மாவை ஒரு வார்த்தை கேக்கட்டுமான்னேன். 'அவ இனிமே இங்க வரமாட்டா'ன்னுட்டார்."

"அப்போ இந்தப் பலகையெல்லாம்?"

"உங்க வீட்டு சாருக்கு விஷயம் தெரியும்மா. தங்கச்சியா வாய் திறந்து சொல்ற வரைக்கும் வாரம் ஒரு பலகை போட்டுக் குடுங்கன்னு கேட்டுக்கிட்டார்."

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த நாத்தனார், அண்ணியின் கையில் போனையும் பலகையையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"முடிவு பண்ணிட்டீங்களா அண்ணி?"

"எங்க? ஒண்ணும் புரியல. ஆறாவதா ஒண்ணு போடச் சொல்லியிருக்கேன். காய்ஞ்சு வர ஒரு மாசம் ஆகுமாம்."